வாட்ஸ்அப்பில் வரும் லட்சம் கோடிகள்: சரிபார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி?

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் உலகக்கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். அன்று ஆட்டத்தின் ஸ்கோரோடு இன்னொரு ஸ்கோரும் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்தது. உலக நாடுகளின் பொருளாதார அளவை நொடிக்கு நொடி காட்டுவதுபோல ஒரு ஸ்கிரீன்ஷாட். இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 4 டிரில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது என்றது அது. அமைச்சர்கள் சிலரே அதைப் பகிர்ந்து பெருமைப்பட்டார்கள். எங்கள் குடும்பக் குழுவுக்கு இட்லி வேகும் நேரத்தில் வந்து சேர்ந்தது. பெரியப்பா மூன்று கொடிகளைப் போட்டு அனுப்பியிருந்தார்.

அதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில், இப்படி ஓடும் கணக்கை யார் வெளியிடுகிறார்கள்? ஒருவரும் இல்லை. ஒரு காலாண்டு முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அந்தக் காலாண்டின் உற்பத்தியை மதிப்பிட்டுச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நிலவரம் அமைச்சகத்துக்கே தெரியாது. அடுத்து, அப்போது கையில் இருந்த எண். பன்னாட்டு நிதியம் 2023 அக்டோபரில் தந்த மதிப்பீடு 3.73 டிரில்லியன். பின்னர் 2023-24 முழு ஆண்டுக்கும் அரசே சொன்ன தொகை ஏறத்தாழ 295 லட்சம் கோடி ரூபாய். ஒரு லட்சம் கோடி என்பது ஒரு டிரில்லியன். டாலருக்கு 83 ரூபாய் என்று வகுத்தால் 3.55 டிரில்லியன் வரும். இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டாலும் 4 வரவில்லை.

கடைசியில் செய்த அந்தச் சிறு காரியத்தைக் கவனியுங்கள். இரண்டு எண்கள் கிடைத்தபோது, எதிரே பேசுபவருக்குச் சாதகமான எண்ணை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவர் கூற்று நிற்கவில்லை. இணையத்தில் அரசியல்வாதிகளின் பொருளாதாரக் கூற்றுகளைக் கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தரும் பழக்கம் இதுதான். மற்றவை எல்லாம் நான்கு நாளில் கைவந்துவிடும். இதற்குப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். தன் கட்சிக்காரர் சொன்னதையும் வகுத்துப் பார்க்கும் மனம் மட்டும் கொஞ்சம் வேண்டும். அதுதான் கடினம்.

கூற்றை ஒரு வரியாக்குங்கள்

பார்வர்டு செய்திகள் பெரும்பாலும் ஐந்தாறு கூற்றுகளைக் கதம்பமாகக் கட்டித் தருபவை. இடையில் ஒன்றிரண்டு வசவு, ஒரு தேசபக்தி வரி, இறுதியில் ‘அனைவருக்கும் பகிரவும்’. இவற்றைக் கழித்துவிட்டு, எண் இருக்கும் வாக்கியத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதும் அதில் எது இல்லை என்பது கண்ணில் படும். எந்த ஆண்டு? மத்திய அரசா, மாநில அரசா? ரூபாயா, சதவீதமா? எதோடு ஒப்பிட்டு? ‘விலைவாசி பாதியாகக் குறைந்தது’ என்ற வரியில் விலை குறைந்ததா, விலை ஏறும் வேகம் குறைந்ததா என்பது இருக்காது. இல்லாமல் போனது தற்செயலாக இருக்காது என்பது என் அனுபவம்.

‘நாடு நாசமாகப் போய்விட்டது’, ‘பொற்காலம் பிறந்துவிட்டது’ போன்றவற்றைத் தொடாதீர்கள். அவை கருத்துகள். புள்ளிவிவரத்தால் அவற்றை வெல்லவும் முடியாது, வெல்லவும் வேண்டாம்.

எங்கே தேடுவது?

தேடுபொறியில் கேட்டால் செய்தித்தளங்கள்தான் வரும். அவை வழிகாட்டும் பலகைகள். ஊருக்குப் போய்ச் சேர வேண்டியது நீங்கள். விலைவாசி, வேலைவாய்ப்பு, உற்பத்தி மூன்றுக்கும் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளம். மாநிலங்களின் கடன், வருவாய், செலவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அருகருகே வைத்துப் பார்க்க, ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாநில நிதிநிலை ஆய்வும் மாநிலங்களுக்கான புள்ளிவிவரக் கையேடும். பெட்ரோல், டீசல் என்றால் பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு. தமிழ்நாட்டு பட்ஜெட் ஆவணங்கள் நிதித்துறையின் தளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. உண்மையில் செலவானது எவ்வளவு என்று அறிய, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள்.

எனக்கு மிகவும் பிடித்த சுரங்கம் நாடாளுமன்றக் கேள்வி-பதில்கள். ஓர் உறுப்பினர் எழுத்துமூலம் கேட்கிறார். அமைச்சர் எழுத்துமூலம் பதில் தருகிறார். அதில் அரசு சொன்ன எண்ணை அந்த அரசின் ஆதரவாளர்கள் ‘பொய்’ என்று தள்ள முடியாது. மேடையில் அமைச்சர் சொல்வதும் அவையில் அதே அமைச்சகம் எழுதித் தருவதும் வேறாக இருக்கும் நாட்களில் இந்த வேலை மிகவும் சுவையாக இருக்கும்.

முழுதாக ஒரு கணக்கு: எண்ணெய்ப் பத்திரங்கள்

இனி ஒரு கூற்றை அடி முதல் நுனி வரை எடுத்துப் பார்ப்போம். 2021இல் பெட்ரோல் பல ஊர்களில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது ஒரு விளக்கம் பரவியது. ‘முந்தைய காங்கிரஸ் கூட்டணி அரசு எண்ணெய்ப் பத்திரம் போட்டுக் கடன் வைத்துவிட்டுப் போனது. அதை அடைக்கத்தான் இன்று இவ்வளவு வரி.’ இது வெறும் பார்வர்டு என்று ஒதுக்க முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே, பத்திரச் சுமை இல்லாதிருந்தால் கலால் வரியைக் குறைக்கும் நிலையில் இருந்திருப்பேன் என்ற பொருளில் பேசினார்.

முதலில் கூற்றில் உண்மை எவ்வளவு என்று பாருங்கள். பத்திரங்கள் உண்மை. அப்போதைய அரசு சில்லறை விலையைச் சந்தை விலைக்குக் கீழே வைத்திருந்தது. எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பை ரொக்கமாக ஈடுசெய்யாமல், ‘பிறகு தருகிறோம்’ என்று பத்திரமாக எழுதிக் கொடுத்தது. மானியச் செலவு அந்தந்த ஆண்டின் பற்றாக்குறையில் தெரியாமல் ஒளிந்துகொண்டது. ஆக, ‘அந்தக் காலத்தில் பெட்ரோல் மலிவு’ என்று பேசுகிறவர்கள் இந்த ஒளிந்த செலவையும் சேர்த்தே பேச வேண்டும். 2014இல் ஆட்சி மாறியபோது நிலுவை அசல் 1.34 லட்சம் கோடி ரூபாய். 2021 வரை அதில் அடைக்கப்பட்டது 3,500 கோடி. ஆண்டு வட்டி 10,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. இதில் எவருக்கும் மறுப்பில்லை.

இரண்டாவது கேள்வி அளவு பற்றியது. 2014இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 9.48 ரூபாய், டீசலுக்கு 3.56 ரூபாய். 2020 ஏப்ரலில் உலகமே வீட்டுக்குள் அடைந்துகிடந்தபோது இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் விலை பீப்பாய்க்குச் சராசரியாக 20 டாலருக்கு வந்துவிட்டது. அந்த இறக்கம் பங்க்கில் தெரியவில்லை. மே மாதத் தொடக்கத்தில் வரி பெட்ரோலுக்கு 32.98 ரூபாயாகவும் டீசலுக்கு 31.83 ரூபாயாகவும் ஏறியது. 2020-21இல் இந்த வரியால் எவ்வளவு வந்தது? நாடாளுமன்றத்தில் தந்த ஒரு பதிலில் 3.35 லட்சம் கோடி. பின்னர் வந்த இன்னொரு பதிலில் 3.71 லட்சம் கோடிக்கு மேல். இரண்டும் அரசு தந்தவை. எதை எடுப்பது?

சிறியதை எடுங்கள். அமைச்சர் பக்கத்துக்குச் சாதகமான எண் அது. செலவுப் பக்கம் பெரியதை எடுங்கள்: 2021-22இல் 10,000 கோடி அசலும் முதிர்ந்தது; வட்டியோடு சேர்த்தால் ஏறத்தாழ 20,000 கோடி. இப்போது வகுத்துப் பாருங்கள். 3.35 லட்சம் கோடியில் 20,000 கோடி என்பது 6 சதவீதம். லிட்டருக்கு 33 ரூபாய் வரியில் 2 ரூபாய். இன்னும் ஒரு படி இறங்கிப் போவோம். மிச்சமிருந்த 1.3 லட்சம் கோடி அசலையும் ஒரே மூச்சில் கட்டிவிட வேண்டிய கட்டாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து மாத வசூல் போதும்.

எனவே நீங்கள் எழுத வேண்டிய வரி: ‘பத்திரக் கடன் இருந்தது உண்மை, வரி உயர்வில் மிகச் சிறிய பகுதியை மட்டுமே அது விளக்கும்.’ இவ்வளவுதான். ‘அமைச்சர் பொய்யர்’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். தொற்றுக் காலச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது, அதனால் வரி போட்டோம் என்று அரசு வாதிட்டிருக்கலாம். அது நியாயமா என்பது வேறு விவாதம். கலால் வசூல் அட்டவணை அதற்குப் பதில் சொல்லாது.

இந்தக் கணக்கில் கிளைக்கதை ஒன்றும் உண்டு. ‘பெட்ரோல் வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குத்தானே வருகிறது’ என்று கட்டாயம் ஒருவர் வருவார். மாநிலங்களோடு பகிரப்படுவது அடிப்படைக் கலால் வரி மட்டும். செஸ் எனப்படும் மேல்வரி, சிறப்புக் கூடுதல் வரி ஆகியவை பகிர்வுக்கு வெளியே. 2021 பிப்ரவரிக்குப் பிறகு பெட்ரோல் மீதிருந்த 32.90 ரூபாய் வரியில் அடிப்படைக் கலால் வரி 1.40 ரூபாய்தான். 41 சதவீதம் என்பது அந்த 1.40க்கு.

எதிர்ப்பக்கத்தில் ஓடிய மீம்களையும் விட்டுவைக்கக் கூடாது. ‘2014 மே மாதத்தில் கச்சா எண்ணெய் 106 டாலர், டெல்லியில் பெட்ரோல் 71 ரூபாய். இன்றும் கச்சா கிட்டத்தட்ட அதே விலை, பெட்ரோல் ஏன் இவ்வளவு?’ 2022 மே மாதத்தில் சுற்றிய மீம் இது. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் எண்ணெயை நாம் டாலரில் வாங்கி ரூபாயில் விற்கிறோம். டாலர் 59 ரூபாயாக இருந்தபோது 106 டாலர் பீப்பாய் 6,254 ரூபாய். டாலர் 78 ரூபாயானால் அதே பீப்பாய் 8,268 ரூபாய். வரி உயர்வு ஒரு காரணம், ரூபாய் சரிவு இன்னொன்று, மாநில மதிப்புக்கூட்டு வரி மூன்றாவது. மாநில வரியில் விலையோடு சேர்ந்து ஏறும் சதவீதப் பகுதி ஒன்று இருப்பதை மாநில ஆளுங்கட்சிகளின் மீம்கள் வசதியாக மறந்துவிடும்.

வேகம் வேறு, இடம் வேறு

புதிதாக வருகிறவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் வண்டி பின்னால் போகிறது என்று பொருள் இல்லை.

இலங்கையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சரியாக ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், 1.3 சதவீதம். 69.8இலிருந்து 1.3! சாதனை என்று ஒரு பக்கம் கொண்டாட்டம். கடைக்குப் போன அம்மாவுக்கோ ஒன்றும் குறையவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்கள் ஓராண்டில் 169.80 ஆயின, அடுத்த ஆண்டில் 172 ஆயின. ஏற்றம் நின்றது, ஏறிய விலை அங்கேயே நின்றது. இந்தியாவிலும் 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகப் பதிவானபோது இதே குழப்பம் நடந்தது. 2012ஐ 100ஆகக் கொண்ட சுட்டெண் அந்த மாதம் ஏறத்தாழ 197இல் இருந்தது. யாராவது ‘விலை இறங்கியது’ என்றால் சுட்டெண்ணைக் கேளுங்கள், சதவீதத்தைக் கேட்காதீர்கள்.

வளர்ச்சி விகிதத்திலும் இதுவே கதை. 2021 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 20.1 சதவீதம் வளர்ந்தது என்ற செய்தி வந்த அன்று ‘உலகிலேயே அதிவேகம்’ என்று பதாகைகள் பறந்தன. அந்த அறிக்கையின் அட்டவணையில் மூன்று எண்கள் இருந்தன. 2019இல் அதே காலாண்டில் உற்பத்தி 35.66 லட்சம் கோடி. பொதுமுடக்கம் வந்த 2020இல் 26.95 லட்சம் கோடி. 2021இல் 32.38 லட்சம் கோடி. பள்ளத்தில் விழுந்தவர் முக்கால் தூரம்கூட ஏறிவரவில்லை. பள்ளத்தின் அடியிலிருந்து அளந்தால் 20 சதவீத உயரம்! இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் 9 சதவீதம் கீழேதான் இருந்தோம். சதவீதம் எதைப் பார்த்தாலும் ‘எந்த அடியிலிருந்து?’ என்று கேட்டுவிடுங்கள். ஓராண்டுக்கு முன் என்ன நடந்தது என்பதில் பாதி விடை இருக்கும்.

தமிழ்நாட்டுக் கடன்: எதால் வகுப்பது?

‘தமிழகத்தின் கடன் 9.3 லட்சம் கோடி. உங்கள் தலையில் 1.2 லட்சம் ரூபாய்!’ பார்த்திருப்பீர்கள். எண் சரியானதே. 2025-26 பட்ஜெட் 2026 மார்ச் இறுதிக்கு மதிப்பிட்ட நிலுவைக் கடன் 9,29,959 கோடி. 7.7 கோடிப் பேரால் வகுத்தால் 1.2 லட்சம் வருகிறது.

தலைக்கு வகுப்பது யார் கண்டுபிடிப்பு என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 2021 ஆகஸ்டில் புதிதாக வந்த திமுக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று சொல்லி அதிமுகவைக் குத்தியது. அந்தக் கத்தியை எடுத்துப் பின்னர் எதிர்க்கட்சிகள் திருப்பிக் குத்தின. தலைக்கு வகுக்கும் கணக்கு பயமுறுத்த நல்லது, புரிந்துகொள்ள உதவாது. 10,000 ரூபாய் சம்பளக்காரரும் 1 லட்சம் ரூபாய் சம்பளக்காரரும் ஆளுக்கு 2 லட்சம் கடன் வைத்திருந்தால் இருவர் நிலைமையும் ஒன்றா?

வருமானத்தால் வகுக்க வேண்டும். மாநிலத்துக்கு அது மாநில மொத்த உற்பத்தி. அதே பட்ஜெட்டின்படி 35.67 லட்சம் கோடி. வகுத்தால் 26.07 சதவீதம். 2021 மார்ச்சில் கடன் 4.85 லட்சம் கோடி. ஐந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரு மடங்கு. மாநில உற்பத்தியும் ஏறத்தாழ அதே அளவு பெருகியதால் விகிதம் பெரிதாக நகரவில்லை. பஞ்சாபில் அந்த விகிதம் 40க்கு மேல்.

ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் இங்கே நிறுத்திவிட்டு வெற்றி முழக்கம் போடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். 2025-26 பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த ஆண்டு வாங்கும் கடன், 1,06,963 கோடி. வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாமல் விழும் துண்டு, 41,635 கோடி. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 39 சதவீதம். வாங்கும் கடனில் 100க்கு 39 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே போகிறது. பாலமும் பள்ளிக் கட்டடமும் கட்ட வாங்கும் கடன் பற்றி இவ்வளவு கவலை இல்லை. மின் நிறுவனங்கள் போன்ற பொதுத்துறைக் கழகங்கள் தம் பெயரில் வாங்கிய கடன் அந்த 26 சதவீதத்துக்குள் வராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசைக் கேள்வி கேட்க விரும்பும் எதிர்க்கட்சிக்காரருக்கு இவை இரண்டும் எவ்வளவு கூர்மையான கேள்விகள்! ‘தலைக்கு 1.2 லட்சம்’ என்று கத்தி அவற்றை வீணடிக்கிறார்கள்.

ஒரே பெயர், இரண்டு அளவுகோல்

வேலையின்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பொறி எளிமையானது. புள்ளியியல் அமைச்சகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24 ஆண்டறிக்கையில் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். 2025 ஏப்ரல் மாத அறிக்கையில் 5.1. ‘ஒரே ஆண்டில் வேலையின்மை எகிறியது’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். முதல் எண் ‘வழக்கமான நிலை’ முறை: ஓராண்டுக் காலத்தைப் பார்த்து ஒருவர் வேலையில் இருந்தாரா என்று தீர்மானிப்பது. இரண்டாவது ‘நடப்பு வார நிலை’ முறை: கடந்த ஏழு நாட்களை மட்டும் பார்ப்பது. இரண்டாவது எப்போதும் கூடுதலாகவே வரும். முழக்கோலால் அளந்ததையும் மீட்டர்கோலால் அளந்ததையும் கழித்துப் பார்ப்பதுபோல.

மறுபக்கம், 2017-18இல் 6.1ஆக இருந்தது 3.2ஆகப் பாதியாகிவிட்டது என்று கொண்டாடுகிறவர்களிடம் வேலையின் தன்மையைக் கேளுங்கள். அளவுகோல் இங்கே ஒன்றே, இறக்கம் உண்மை. ஆனால் வயலிலோ வீட்டுக் கடையிலோ சம்பளமில்லாமல் உதவும் பெண்ணும் ‘வேலையில் இருப்பவர்’ கணக்கில் வருகிறார். இதே காலத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருக்கிற அல்லது வேலை தேடுகிறவர்களின் பங்கு 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமானது. இந்த உயர்வில் மாதச் சம்பளக்காரர்கள் எத்தனை, சுயதொழில் என்ற பெயரில் குடும்ப வேலைக்கு உதவுகிறவர்கள் எத்தனை என்ற பிரிப்பும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. தேடி எடுத்து ஒட்டுங்கள்.

நான் சறுக்கிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துறைக்கான ஒதுக்கீட்டை அரசு வெட்டிவிட்டது என்று ஆவேசமாக எழுதினேன். நூற்றுக்கணக்கில் பகிர்ந்தார்கள். மறுநாள் முகம் தெரியாத ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: ‘ஐயா, நீங்கள் ஒப்பிட்டது இந்த ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டையும் சென்ற ஆண்டின் திருத்திய மதிப்பீட்டையும்தானே?’ அவர் சொன்னது சரி. சென்ற ஆண்டு நடுவில் துணை மானியக் கோரிக்கையில், அதாவது அவையிடம் கூடுதல் நிதி கேட்கும் ஆவணத்தில், ஒருமுறைச் செலவு ஒன்று சேர்ந்திருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. காது சூடானது இன்றும் நினைவிருக்கிறது.

பட்ஜெட் ஆவணத்தில் ஒரே செலவுக்கு மூன்று எண்கள் வரும். ஆண்டுத் தொடக்கத்தில் சொல்வது பட்ஜெட் மதிப்பீடு, ஆண்டு முடியும் தறுவாயில் சரிசெய்வது திருத்திய மதிப்பீடு, கடைசியில் உண்மையாகச் செலவானது கணக்கு. மதிப்பீட்டை மதிப்பீட்டோடும் கணக்கைக் கணக்கோடும் ஒப்பிடுங்கள். வளர்ச்சி விகிதமும் இப்படி மாறும். 2024-25இல் தமிழ்நாட்டின் வளர்ச்சி முதலில் 9.69 சதவீதம் என்று வந்தது. சில மாதங்களில் 11.19 என்று திருத்தப்பட்டது. இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒருவரையொருவர் பொய்யர் என்று திட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். அதனால் எண்ணோடு சேர்த்து அது வெளிவந்த தேதியையும் எழுதும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பிடித்த கூற்று

‘ஒரு ரூபாய் வரி கொடுத்தால் தமிழ்நாட்டுக்கு 29 பைசாதான் திரும்பி வருகிறது.’ தமிழர்கள் பலருக்கும் இதைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும், எனக்கும்தான். அதனாலேயே இதைக் கூடுதல் கவனத்தோடு பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘கொடுத்தால்’ என்பதில் சிக்கல். வருமான வரி எங்கே வசூலானது என்ற கணக்கு, அந்த வருமானம் எங்கே ஈட்டப்பட்டது என்பதைச் சொல்லாது. சென்னையில் தலைமையகம் வைத்து ஆறு மாநிலங்களில் ஆலை நடத்தும் நிறுவனத்தின் வரி சென்னைக் கணக்கில் சேரலாம். திருநெல்வேலியில் சோப்பு விற்கும் மும்பை நிறுவனத்தின் வரி மும்பைக் கணக்கில். ‘திரும்பி வருகிறது’ என்பதிலும் சிக்கல். வரிப்பகிர்வு மட்டுமா, மானியங்களும் மத்தியத் திட்ட நிதியும் சேர்த்தா? எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பைசா கூடும், குறையும்.

உறுதியான தரை வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய வரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பவை நிதி ஆணையங்கள். மாநிலங்களுக்கான தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 13ஆவது ஆணையத்தில் 4.969 சதவீதம், 14ஆவதில் 4.023, 15ஆவதில் 4.079. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு கிட்டத்தட்ட 6 சதவீதம். இந்த எண்களை எவரும் அசைக்க முடியாது. செஸ், கூடுதல் வரி ஆகியவை பகிர்வுத் தொகுப்புக்கு வெளியே இருப்பதால் மாநிலங்களுக்குத் தரும் 41 சதவீதம் என்பதும் மொத்த வரி வசூலில் 41 இல்லை. இதுவும் அசையாது.

எதிரே இருப்பவர் ஒன்று சொல்வார், அதற்கும் தயாராக இருங்கள். 15ஆவது ஆணையத்தின் சூத்திரத்தில் 45 சதவீத எடை, வருமானத்தில் பின்தங்கிய மாநிலங்களுக்குக் கூடுதலாகப் போகும்படி அமைந்தது. தெரிந்தே செய்த ஏற்பாடு அது. கூட்டாட்சியில் அதற்கு நியாயமும் உண்டு. எவ்வளவு தூரம் என்பதுதான் விவாதம். 29 பைசாவைப் பிடித்துக்கொண்டு நின்றால் எதிராளி அந்தப் பைசாவின் கணக்கை உடைத்துவிட்டு முழு வாதத்தையும் உடைத்ததாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். 4.969இலிருந்து 4.079 என்று தொடங்கினால் அவர் சூத்திரத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

பதில் எழுதும்போது

நான்கு வரிக்கு மேல் எழுதாதீர்கள். கூற்றில் சரியாக இருப்பதை முதல் வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். படிக்கிறவர் அங்கேயே உங்களை நம்பத் தொடங்குவார். அடுத்து விடுபட்டதைச் சொல்லுங்கள். பிறகு ஆவணத்தின் பெயர், தேதி, பக்க எண். அட்டவணையைப் படம் எடுத்து ஒட்டினால் தலைப்பும் அடிக்குறிப்பும் தெரியும்படி எடுங்கள். நடுவிலிருந்து இரண்டு வரியை வெட்டி எடுத்தால் நீங்களும் அவர்களும் ஒன்றுதான். வரைபடம் போட்டால் இடப்பக்க அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். 95இலிருந்து தொடங்கும் அச்சில் தம்மாத்துண்டு ஏற்றமும் இமயமலையாகத் தெரியும்.

குடும்பக் குழுவில் பெரியவர்களைப் பொதுவில் திருத்துவதைவிடத் தனியாக அனுப்புவது நல்லது. ‘பெரியப்பா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். இந்த 4 டிரில்லியன் எங்கிருந்து எடுத்தது என்று தெரியுமா? அமைச்சகத் தளத்தில் வேறு மாதிரி இருக்கிறதே’ என்று கேட்டுத்தான் நான் எழுதினேன். அவர் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்துக் குழுவில் அந்தப் படம் மட்டும் நீக்கப்பட்டிருந்தது. கொடிகள் அப்படியே இருந்தன.

முகமற்ற கணக்குகளோடு மூன்றாவது சுற்றுக்குப் போகாதீர்கள். நீங்கள் எழுதுவது அவருக்காக இல்லை, நடுவில் சும்மா படித்துக்கொண்டிருக்கும் முப்பது பேருக்காக. அவர்களுக்கு உங்கள் முதல் பதிலே போதும். தவறு செய்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் பதிவை அழிக்காமல், மேலேயே ‘திருத்தம்’ என்று எழுதிச் சரியான எண்ணைப் போடுங்கள். நான் அன்று அப்படித்தான் செய்தேன். திருத்தத்தைப் பகிர்ந்தவர்கள் பதினொரு பேர்.

இனி நாள்காட்டியை எடுங்கள். இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் மாதந்தோறும் 12ஆம் தேதி வாக்கில் மாலையில் வெளியாகும். காலாண்டு உற்பத்தி, ஒவ்வொரு காலாண்டும் முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து. கொழும்பு விலைச்சுட்டெண் மாத இறுதியில். மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1. இந்த நாட்களில் மாலை ஏழு மணிக்குள் முதல் மீம் வந்துவிடும். ஆறு மணிக்கே செய்திக்குறிப்பைத் திறந்து முதல் அட்டவணையைப் படித்து வைத்துவிடுங்கள்.